மாஸ் வளர்க்கறீங்களா? அந்தப் பச்சைப் படலத்தை தயவுசெஞ்சு சுரண்டாதீங்க

புதுசா மாஸ் (moss, ஈரமான இடத்துல மெத்தை மாதிரி படர்ற குட்டிப் பச்சைச் செடி) வளர்க்க ஆரம்பிச்சவங்க கேக்கறதைப் பாத்தா திரும்பத் திரும்ப அதே தப்புங்கதான். தண்ணி விட மறக்கறது, மொட்டை வெயில்ல வைக்கறது இதெல்லாம் பட்டாலே புரிஞ்சுடும், அதை விட்டுடறேன்.

பாசின்னு (algae) நினைச்சு சுரண்டறது

இது எனக்கு இன்னிக்கும் கடுப்பேத்துது. ஸ்போர் (விதைக்குப் பதிலா மாஸ் விடற தூள்) முளைச்சதும் இலையோட மாஸ் வந்துடாது. முதல்ல வர்றது புரோட்டோனீமா, செல் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்த பச்சை நூல், அது கிளை விட்டு மண் மேல படரும், வெறும் கண்ணுக்கு பச்சை அழுக்கு மாதிரிதான் தெரியும். அந்த நூல்ல மொட்டு விட்டு, ஒவ்வொரு மொட்டும்தான் இலையுள்ள செடியா நிமிரும். தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ட்ரேல ஸ்போர் தூவி வாரக்கணக்கா மூடி வெச்சு பாத்துக்கிட்டான், பச்சை படிஞ்ச உடனே "பாசி புடிச்சிருச்சுண்ணா, ப்ளீச் ஊத்தி கழுவிட்டேன்"னு வந்து நிக்கறான். கழுவறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தா, படலத்துக்குள்ள அங்கங்க குட்டி இலை நுனி கூரா எட்டிப் பாக்குது! அவ்ளோ நாள் பொறுத்தவன் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போதும்.

தொட்டுப் பாருங்க. வழுவழுன்னு கொழகொழன்னு வழுக்கினா பெரும்பாலும் பாசி. வழுக்காம மெல்லிசா பஞ்சு படிஞ்ச மாதிரி இருந்தா கைய எடுத்துடுங்க. பத்து மடங்கு லென்ஸ் இருந்தா கிளை விட்ட நூலே தெரியும். சந்தேகமா இருந்தா காத்திருங்க, ப்ளீச் பக்கமே போகாதீங்க.

உரம் போடறது

வேண்டாம். மாஸுக்கு வேரே கிடையாது, ரைசாய்டுன்னு அடியில இருக்கற வேர் மாதிரி நூல் முக்கியமா புடிச்சு நிக்கத்தான், தண்ணியும் சத்தும் பெரும்பாலும் இலை வழியாத்தான் போகுது.

காஞ்சதும் தூக்கிப் போடறது

முதல்ல தண்ணி தெளிங்க. பல வகை மறுபடி பச்சையாயிடும்.

காம்பை பூன்னு கிள்ளறது

மாஸ்ல பூவே இல்லங்க. ஆண் செல் ஈரத்துல நீந்திப் போய் முட்டையோட சேந்தப்புறம், தாய்ச்செடி மேலேயே நின்னு அதுகிட்டயே சத்து வாங்கி வளர்றதுதான் அந்தக் காம்பும் நுனியில இருக்கற கேப்சூலும். ஸ்போர் உள்ளதான் இருக்கு. பச்சையா இருக்கும்போது கிள்ளினா ஒண்ணும் தேறாது, பழுப்பாகி மூடி கழலற வரைக்கும் விடுங்க, விதைக்க ஸ்போர் வேணும்னா அப்ப ஒரு பேப்பர் மேல தட்டி எடுத்துக்கலாம்.