ஃபிளாஸ்க்குக்கு முதலில் வெந்நீர்

கனடாவில் பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சூடாகச் சாதம் கொடுத்தனுப்ப, அகன்ற வாய் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். 10 நிமிடம் கழித்து அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தை நிரப்புங்கள். குளிர்ந்த எஃகுச் சுவர் சாதத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பங்கை வெந்நீரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறது. பாதி ஃபிளாஸ்க் காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும், எனவே சிறியதாகவே வாங்குங்கள். பல பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்கு உணவைச் சுடவைத்துத் தர மாட்டார்கள்.

தயிர்சாதத்துக்கு இது ஆகாது, புளித்துவிடும். அதற்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர் ஊற்றிவைத்துக் கொட்டுங்கள். இட்லியும் வியர்த்துச் சொதசொதத்துப் போகும். சூடு ஆறும்போது மூடி இறுகிக்கொள்ளும் என்பதால், பிள்ளையின் கைக்கு அது திறக்கிறதா என்று ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.