காவிரிக் கரையிலிருந்து மினோவைப் படிப்பது எப்படி

ஜப்பான் வரலாறு படிக்கத் தொடங்குகிற நம்மவர்கள் பெரும்பாலும் சாமுராய், ஷோகன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) என்று ஆட்களில் ஆரம்பித்து, பத்துப் பெயர் வந்ததும் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பி நிறுத்திவிடுகிறார்கள். ஆட்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரே ஒரு பழைய மாகாணத்தை எடுத்துக்கொண்டு அதன் ஆறுகளிலிருந்து தொடங்குங்கள். டெல்டாக்காரர்களுக்கு இது நிச்சயம் கைகொடுக்கும், ஏனென்றால் எந்தக் கரை மேடு, எந்தக் கரை பள்ளம், தண்ணீர் பெருகி வந்தால் எந்த ஊர் முதலில் முழுகும் என்பதெல்லாம் நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த கேள்விகள்.

நான் சிபாரிசு செய்கிற மாகாணம் மினோ. மூன்று பெரிய ஆறுகள் ஒரே மூலையில் வந்து சேரும் இடம், ஜப்பானின் தலையெழுத்தை மாற்றிய இரண்டு போர்களின் களம், பேப்பர், கத்தி, மண்பாண்டம் என்று பேர்போன தொழில்கள், எல்லாம் ஒரே நிலத்தில் கிடைக்கின்றன.

முதலில் இடத்தைப் பிடியுங்கள்

7ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜப்பானின் மத்திய அரசு நாட்டை மாகாணங்களாகப் பிரித்தது. பிற்காலக் கணக்குப்படி அறுபத்தாறு மாகாணங்கள், கூடவே இரண்டு தீவுகள். மாகாணத்துக்குள் வட்டங்கள், வட்டத்துக்குள் ஊர்கள். சோழர் கால வளநாடு, நாடு, ஊர் என்ற அடுக்கு தெரிந்தவர்களுக்கு இதை மனசில் வைத்துக்கொள்வது கஷ்டமே இல்லை. 1871இலிருந்து மாகாணங்களின் இடத்தில் இன்றைய நிர்வாகப் பிரிவுகள் படிப்படியாக வந்தன, ஆனால் பழைய பெயர்கள் ரயில் நிலையங்களிலும் பொருள்களின் பெயரிலும் இன்னமும் உயிரோடு இருக்கின்றன. மினோ ஓதா, மினோ அகாசாகா என்று நிலையப் பெயரின் முன்னால் மாகாணப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை மேப்பிலேயே பார்க்கலாம்.

இணைய வரைபடத்தில் கிஃபு என்ற இன்றைய நிர்வாகப் பிரிவைத் தேடுங்கள். இன்றைய கிஃபுவின் வடபகுதி ஹிதா என்ற மலை மாகாணம், தென்பகுதிதான் மினோ. மேற்கே பீவா ஏரி இருக்கும் ஓமி, தெற்கே நகோயா இருக்கும் ஓவாரி, கிழக்கே ஷினானோ மலைகள். மினோவுக்குக் கடற்கரை கிடையாது, இதை மறக்காதீர்கள். வெறுமனே மினோ என்று தேடினால் ஒசாகா பக்கத்தில் இருக்கிற இன்னொரு நகரம் வந்து நிற்கும், அது வேறு ஊர். கிஃபுவுக்குள்ளேயே மினோ என்று ஒரு சின்ன நகரமும் உண்டு, அது மாகாணத்தின் ஒரு பகுதி மட்டுமே.

ஆறுகளை வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கோடு போடுங்கள். கிழக்கிலிருந்து கிசோ ஆறு, 229 கிலோமீட்டர். நடுவில் நாகரா, 166. மேற்கில் இபி, 121. மூன்றும் வடக்கு, கிழக்கு மலைகளிலிருந்து இறங்கி நோபி என்ற சமவெளிக்கு வந்து, அதன் தென்மேற்கு மூலையில் நெருங்கி, இசே விரிகுடாவில் கலக்கின்றன. இவ்வளவு அகலமான சமவெளி இருக்கும்போது எதற்காக மூன்றும் மேற்கு ஓரத்தில் போய் மொய்க்க வேண்டும்? இந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், மினோவின் பாதி வரலாறு இதற்குள் இருக்கிறது.

காரணம் நிலத்துக்கு அடியில். சமவெளியின் மேற்கு விளிம்பில் யோரோ மலைத்தொடர் இருக்கிறது, அதன் அடிவாரத்தில் ஒரு நிலப்பிளவு. மலைப்பக்கம் மெல்ல உயர, சமவெளியின் மேற்குப் பக்கம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் முழுச் சமவெளியுமே மேற்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. கிசோவின் படுகை உயரம், நாகரா அதைவிடத் தாழ்வு, இபி எல்லாவற்றிலும் பள்ளம். காவிரி மேடு, கொள்ளிடம் பள்ளம் என்று நம் பக்கம் சொல்கிற அதே விஷயம்தான், அங்கே மூன்று படியாக இருக்கிறது. முக்கொம்பில் 1836இல் மேலணை கட்டவேண்டி வந்ததற்குக் காரணமே பள்ளமான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போனதுதான் என்று தெரிந்தவருக்கு, கிசோவில் வெள்ளம் வந்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மழை மேற்கிலிருந்து கிழக்காக நகரும், ஆறுகளின் நீளமும் வேறு வேறு. அதனால் இபியில் ஏறக்குறைய 8 மணி நேரத்திலும், நாகராவில் 16 மணி நேரத்திலும், கிசோவில் 24 மணி நேரத்திலும் வெள்ளம் வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் பழைய நாழிகைக் கணக்கில் சொல்லி வைத்திருந்தார்கள். பள்ளத்தில் இருக்கிறவனுக்கு முதல் வெள்ளம் வடிவதற்குள் இரண்டாவது வரும், அப்புறம் மூன்றாவது.

இதைக் கண்ணால் பார்க்க ஜப்பான் அரசின் நில அளவைத் துறை நடத்தும் இணைய வரைபடத்துக்குப் போங்கள், இலவசம்தான். அதில் நில உயரத்துக்கு ஏற்ப நிறங்களை நாமே பிரித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. 0 மீட்டர், 2, 5, 10 என்று பிரித்து நிறம் கொடுத்தால் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற நிலம் தனியாகத் தெரியும். நோபி சமவெளியில் அப்படிப்பட்ட நிலம் சுமார் 400 சதுர கிலோமீட்டர். ஜப்பானிய எழுத்து தெரியவில்லை என்று தயங்க வேண்டாம், பிரௌசரின் மொழிபெயர்ப்பு இந்த வேலைக்குப் போதும்.

வாசலைத் தேடுங்கள்

ஆறு முடிந்ததும் மலைகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளைப் பாருங்கள். மினோவின் மேற்கு ஓரத்தில், வடக்கே இபுகி மலைக்கும் தெற்கே சுசுகா மலைத்தொடருக்கும் நடுவில் ஒரு குறுகிய வழி. கியோத்தோ பக்கத்திலிருந்து கிழக்கே வருகிற படைக்கு அது முக்கியமான வாசல். அங்கேதான் செகிகஹாரா இருக்கிறது.

672இல் அரசுரிமைக்காகச் சித்தப்பனும் அண்ணன் மகனும் மோதிய ஜின்ஷின் போரில், இளவரசர் ஓஆமா மினோவைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு இந்த வாசலை அடைத்தார், ஜெயித்தார், பேரரசர் தென்முவானார். அதற்குப் பிறகு இங்கே ஃபுவா என்ற காவல் சாவடி நிரந்தரமாக வந்து, 789 வரை இருந்தது. 1600இல் நாட்டை யார் ஆள்வது என்று தோகுகாவா இயேயாசுவும் இஷிதா மித்சுனாரியும் மோதியதும் இதே சந்தில்தான். ஒன்பது நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரே இடத்தில் நாடு கைமாறியதை நில அமைப்பைப் பார்க்காமல் வெறும் பெயர்களாக மனப்பாடம் செய்வதில் என்ன பிரயோஜனம் இருக்கிறது? இன்றைக்கும் புல்லட் ரயில் நகோயாவிலிருந்து கியோத்தோவுக்கு இந்தப் பக்கமாகத்தான் போகிறது, குளிர்காலத்தில் இங்கே பனி கொட்டினால் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

தேதிகளில் ஒரு எச்சரிக்கை. செகிகஹாரா போரை ஒரு புத்தகம் 9ஆம் மாதம் 15ஆம் நாள் என்றும் இன்னொன்று அக்டோபர் 21 என்றும் சொல்லும். முன்னது ஜப்பானின் பழைய சந்திர நாட்காட்டி, பின்னது இன்றைய நாட்காட்டி. குறிப்பெடுக்கும்போது எது எந்த நாட்காட்டி என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும் நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டு போருக்கும் நடுவில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். தோகி குடும்பம் மாகாணத்தை ஆண்டது, 16ஆம் நூற்றாண்டில் சாய்தோ தோசன் அதைப் பிடுங்கிக்கொண்டார், 1556இல் நாகரா ஆற்றங்கரையில் தன் மகனோடு நடந்த சண்டையில் செத்தார். 1567இல் பக்கத்து ஓவாரியை ஆண்ட ஒதா நொபுநாகா 329 மீட்டர் உயர மலைமேல் இருந்த கோட்டையைப் பிடித்து, கிஃபு என்று பெயர் வைத்தார்.

கரை யாருடையது என்று கேளுங்கள்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். 1586இல் பெரிய வெள்ளம் வந்து கிசோ ஆறு தன் போக்கையே மாற்றிக்கொண்டது. அதுவரை ஓவாரியில் இருந்த சில பகுதிகள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதால் பிறகு மினோவோடு சேர்க்கப்பட்டன. ஆறு நகர்ந்ததால் மாகாண எல்லையும் நகர்ந்தது. அதனால் பழைய வரைபடத்தைப் பார்க்கும்போது அது 1586க்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

செகிகஹாராவில் ஜெயித்த இயேயாசு ஓவாரியைத் தன் மகனுக்குக் கொடுத்தார். 1608, 1609இல் கிசோவின் ஓவாரிப் பக்கக் கரை இனுயாமாவிலிருந்து கடல் பக்கம் வரை சுமார் 48 கிலோமீட்டருக்கு ஒரே நீட்டாக உயர்த்திக் கட்டப்பட்டது. வெள்ளத்தையும் தடுக்கும், மேற்கிலிருந்து வருகிற எதிரியையும் தடுக்கும். எதிர்ப்பக்கம் மினோவில் நிலம் சின்னச் சின்னப் பிரபுக்களிடமும் ஷோகன் ஆட்சியிடமும் சிதறிக் கிடந்தது, ஒன்றாகச் சேர்ந்து கேட்க ஆள் இல்லை. மினோவின் கரை ஓவாரிக் கரையைவிட மூன்று அடி தாழ்வாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். நிலமே அந்தப் பக்கம் சாய்ந்திருக்க, கரையும் தாழ்வு. வெள்ளம் முழுக்க யார் தலையில் விழுந்திருக்கும்?

மினோ மக்கள் செய்தது என்ன தெரியுமா, ஆற்றுக்குக் கரை கட்டுவதோடு நிறுத்தாமல் தங்கள் ஊரையும் வயலையும் சுற்றி வட்டமாகக் கரை எழுப்பிக்கொண்டார்கள். வாஜு என்று பெயர். இப்படிப்பட்ட வளையங்கள் எண்பது வரை இருந்திருக்கின்றன. வளையத்துக்குள் வசதியான வீடுகளில் கல் மேடை கட்டி, அதன்மேல் மிசுயா என்ற தனிக் கட்டடம்: அரிசி, சாமான்கள் எல்லாம் அதில். வெள்ளம் ஏறினால் குடும்பமும் அங்கே ஏறிக்கொள்ளும். கூரைக்கு அடியில் படகு ஒன்று தொங்கும். நம் வீட்டுப் பத்தாயத்தைத் தரையோடு சேர்த்து ஆளுயரத்துக்குத் தூக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வளையத்தின் கரையை ஊர்கள் சேர்ந்துதான் காத்தன, நம் குடிமராமத்து மாதிரி. ஆனால் ஒரு வளையம் கரையை உயர்த்தினால் அடுத்த வளையத்துக்கு ஆபத்து, வளையத்துக்குள்ளேயே மேட்டு ஊரின் வடிகால் தண்ணீர் பள்ளத்து ஊரில் தேங்கும், சண்டைக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசி மழையில் தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி பக்கம் வடியாத வயலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சண்டையின் நியாயம் புரியும். பள்ள வயல்களில் ஒரு பட்டை மண்ணை வெட்டி அடுத்த பட்டையில் கொட்டி உயர்த்தி, மேட்டில் நெல்லும் பள்ளத்தில் தண்ணீருமாகச் சீப்புப் பல் போல ஆக்கி, படகில் போய் நடவு செய்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அப்படி வயல்கள் இருந்தன.

பழைய நாட்காட்டிப்படி 1753இன் கடைசியில் ஷோகன் அரசு ஒரு உத்தரவு போட்டது: மூன்று ஆறுகளின் கரை வேலையைத் தெற்குக் கோடியிலிருக்கும் சாத்சுமா என்ற பிரபு ஆட்சிப் பகுதியின் ஆட்கள் வந்து செய்யவேண்டும், செலவும் அவர்களுடையது. சாத்சுமாவுக்கும் இந்த ஆறுகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பலமான பிரபுவின் கஜானாவைக் காலி செய்யும் வழி அது. சாத்சுமா அதிகாரி ஹிராதா யுகியே தலைமையில் ஆட்கள் வந்து, 1754, 1755இல் வேலையை முடித்தார்கள். நோயிலும் தற்கொலையிலும் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேலை முடிந்த கையோடு ஹிராதாவும் இறந்தார், செலவுக்குப் பொறுப்பேற்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார் என்றே சொல்லப்படுகிறது. அபுராஷிமா என்ற இடத்தில் அவர்கள் போட்ட கரையில் பைன் மரங்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன, நாகராவுக்கும் இபிக்கும் நடுவே செயற்கைக்கோள் படத்தில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். பக்கத்திலேயே அவர்களுக்காக 1938இல் எழுப்பிய கோயில். கிஃபுவும், சாத்சுமா இருந்த ககோஷிமாவும் 1971இல் சகோதர உறவு ஏற்படுத்திக்கொண்டதற்கு இந்தச் சாவுகள்தான் காரணம்.

அதோடு வெள்ளம் நின்றுவிடவில்லை. 1873இல் ஜப்பானுக்கு வந்த டச்சுப் பொறியாளர் யோஹன்னிஸ் தெ ரைக்க ஆறுகளை ஆராய்ந்து திட்டம் கொடுத்தார். 1887இல் தொடங்கி 1912 வரை வேலை நடந்து, மூன்று ஆறுகளும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. நீங்கள் மேப்பில் இன்று பார்க்கிற நேரான மூன்று கோடுகள் அப்போது வந்தவை. பழைய மினோவில் அங்கே ஆறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதை நினைவில் வையுங்கள், இல்லையென்றால் பழைய செய்திகள் எதுவும் இடத்தோடு பொருந்தாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1891 அக்டோபர் 28 அன்று 7,000 பேருக்கு மேல் கொன்ற பெரிய நிலநடுக்கம். நெஓ பள்ளத்தாக்கில் நிலம் ஒரே நாளில் 6 மீட்டர் எழும்பிய இடத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

தொழில்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அவையும் நிலத்தில் தானாக உட்காரும். கிழக்குக் குன்றுகளில் நல்ல களிமண், அதனால் தாஜிமி, தோகி ஊர்களில் மண்பாண்டம். மலையடிவாரத்துத் தெளிந்த ஆற்றுநீரில் பேப்பர். 702ஆம் ஆண்டின் மினோ குடும்பப் பதிவேடுகள் அந்த ஊர்ப் பேப்பரில் எழுதப்பட்டு நாரா நகரத்தின் ஷோசோஇன் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. செகி ஊரில் வாள், இப்போது சமையல் கத்தி.

மினோவை முடித்ததும் அடுத்து ஓவாரியை எடுங்கள், வேறெங்கும் தாவ வேண்டாம். அதே 48 கிலோமீட்டர் கரையை அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களைக் காப்பாற்றிய கரையாகத்தான் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக் குறிப்புகளையும் ஒரே தாளில் எதிரெதிராக, வருஷ வாரியாக எழுதிவாருங்கள்.