உதவி வரிசையில் நீட்டிய படிவம்: சிறு தொண்டு அமைப்புகள் கதை சொல்லும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் உதவி வழங்கும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். நடத்துகிறவர்கள் எல்லாருமே இளைஞர்கள், சுறுசுறுப்பானவர்கள். வாசலில் ஒரு மேஜை. அதன்மேல் பயனாளிகள் பட்டியல், ஸ்டாம்ப் பேட், ஒரு கட்டுப் படிவம். வருகிறவர் பெயரைச் சொன்னதும் ஒரு தம்பி படிவத்தை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றார். போட்டார்கள். அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். மேல் கையெழுத்து பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு. கீழ்க் கையெழுத்து படத்தையும் கதையையும் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்பதற்கு.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடம் அந்த மாதிரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பெருக்கல் குறிகூட அதேதான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். போஸ்டரில் எழுத்துப் பிழை, மங்கலான படம், தொலைபேசி எண்ணைப் போட மறப்பது போன்றவற்றுக்குள் போகப் போவதில்லை. அவற்றை யாராவது சுட்டிக்காட்டுவார்கள், நீங்களும் திருத்திக்கொள்வீர்கள். யாரும் சுட்டிக்காட்டாத, சொல்லப்போனால் பாராட்டுகூடக் கிடைக்கிற தவறுகள் சில உண்டு. அவைதான் ஆபத்து.

உதவியும் சம்மதமும் ஒரே மேஜையில்

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மேலேயேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாவுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். கூடவே அவர் மகள், ஏழு வயது இருக்கும். மெஷினின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்பதற்குள் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் படம் எடுத்தேன். நல்ல படம், அதைச் சொல்லியாக வேண்டும். கீழே நானே ஒரு வரி எழுதினேன்: "தந்தை கைவிட்ட குடும்பத்தில் மீண்டும் ஒளி." ஆண்டறிக்கையின் அட்டை, முகநூல், ஒரு நன்கொடையாளர் அச்சடித்த காலண்டர் என்று அந்தப் படம் ஊர் சுற்றியது. நன்கொடையும் வந்தது. என்னைத் தட்டிக்கொடுக்காத ஆளில்லை.

ஆறு வருடம் கழித்து அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் யாரோ எங்கிருந்தோ அந்தப் படத்தைத் தோண்டியெடுத்து, என் வரியோடு சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பெண் நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து அவர் போட்ட கையெழுத்தைக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது மெஷினுக்குன்னு நெனச்சுத்தானே தம்பி போட்டேன்" என்றார். அப்புறம் கேட்டார்: "அவரு கைவிட்டுட்டாருன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? கோவிச்சுக்கிட்டுப் போனாரு. ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டாரு. அவரும் இதப் படிச்சுட்டாரு."

யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் 'கணவர்: உடன் இல்லை' என்று இருந்தது. மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன்.

எங்கள் பக்கத்திலிருந்து படத்தை எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காலண்டரை என்ன செய்வது? நன்கொடையாளர் தன் அறிக்கையில் சேர்த்ததை? எங்கள் பதிவிலிருந்து படத்தை உருவி, தங்களுக்கு நிதி கேட்ட இன்னோர் அமைப்பை? ஒவ்வொருவருக்கும் எழுதினோம். சிலர் எடுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை. அடுத்த வருடம் கல்வி உதவித்தொகைக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. ஏன் என்று எங்கள் களப்பணியாளர் விசாரித்தபோது கிடைத்த பதில்: "அங்க போனா போட்டோ புடிப்பாங்க." உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் அந்தத் தெருவில் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் இல்லாமல் போனோம்.

ஏதோ நான் ஒருவன் மட்டும் செய்த அசட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புகைப்பட வரலாற்றின் மிகப் பிரபலமான வறுமைப் படங்களில் ஒன்றுக்கும் இதே கதைதான். 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோ அருகே, பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர் முகாமில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். படம் நாளிதழில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது. குடும்பம் காரின் டயர்களை விற்றுவிட்டது என்று லாங் எழுதினார். விற்பதற்கு எங்களிடம் டயரே கிடையாது என்று மகன் பின்னாளில் மறுத்தார். நாற்பது வருடம் பெயரே தெரியாத முகமாக இருந்த ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சனை 1978-இல்தான் ஒரு செய்தியாளர் கண்டுபிடித்தார். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பதுதான் அவருடைய பதில். அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

அந்தப் படத்தால் நன்மையே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, நடந்தது. என் காலண்டர் படத்தாலும் பணம் வந்தது. சிக்கலே அங்கேதான். படம் வேலை செய்யும்போது யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

சரி, இப்போது என்ன செய்கிறோம்? உதவி கொடுக்கும் நாளில் கதைக்கான படிவம் மேஜைக்கே வராது. பொருளைக் கொடுத்து ஒரு வாரமாவது போன பிறகு, கொடுத்தவர் அல்லாத வேறொருவர் போய்க் கேட்பார். "உங்கள் படத்தைப் பயன்படுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் தலையாட்டுவார்கள். அதனால் போன வருடப் பதிவு ஒன்றைப் போனில் திறந்து, கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கருத்துகளோடு சேர்த்துக் காட்டுவோம். "உங்க சொந்தக்காரங்க, பிள்ளையோட கூடப் படிக்கிறவங்க கண்ணுல இது படலாம், பரவாயில்லையா?" என்று கேட்போம். நிறைய பேர் அந்த இடத்தில்தான் முதல் முறையாக யோசிக்கிறார்கள்.

எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். இருபது பேரிடம் கேட்டு இருபது பேரும் சரி என்றால், கேட்ட விதத்தில் கோளாறு இருக்கிறது. கொடுத்தவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது வாங்கி நின்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த வார்த்தையைச் சுலபமாக்குவது நம் வேலை. வேண்டாம் என்றவருக்கு அடுத்த உதவி தடையில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். தெரு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, சம்மதத்துக்குக் கெடு வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எதிரே ஒரு தேதி எழுதுகிறோம், இரண்டு வருடம். தாண்டினால் மறுபடி கேட்க வேண்டும், இல்லையென்றால் படம் இறங்கிவிடும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்தோடு வேலை முடியாது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, 16-ஆவது பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் என்ன தெரியும் என்பீர்கள். தெரியாது, அதனாலேயே எட்டாம் வகுப்பில் மறுபடி கேட்க வேண்டும்.

யார் அழுதாலும்

கேமராவை இறக்குங்கள்.

ஒரு முகத்தைக் காட்டிப் பொதுவில் வசூலிப்பது

ஒரே ஒருவர் கதை ஏன் எடுபடுகிறது என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டில் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் இருக்கும் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43 டாலர்தான். கதையோடு எண்ணைச் சேர்த்தால் கை தாராளமாகும் என்று பார்த்தால், இறுகிவிட்டது.

நிதி திரட்டுகிறவர்கள் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு ஒரு முகம், ஒரு கதை என்றே ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். ஆனால் ஒரு சிறுவனின் ஆபரேஷனுக்கு என்று கேட்டு, தேவைக்கு மேல் வந்ததை ஆம்புலன்ஸ் பழுதுக்குச் செலவழித்தால் உங்கள் கணக்கு சரியாக இருக்கும், பெயர் கெட்டுப்போகும். மிச்சம் எங்கே போகும் என்பதை வேண்டுகோளின் அடியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அச்சு எழுத்தைச் சிறிதாக்காமல்.

பையை விடப் பிடிக்கும் கைகள் அதிகம்

ஒரு புத்தகப்பை. அதைப் பிடித்தபடி ஐந்து பெரியவர்கள். ஆறாவதாக, பைக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு பிள்ளை. ஐந்து பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள், பிள்ளை பையைப் பார்க்கிறது. இந்தப் படத்தை எத்தனை அமைப்புகளின் பக்கத்தில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

2012-இல் நார்வே மாணவர்களின் அமைப்பு ஒன்று இந்தப் பாணியைக் கேலி செய்து ஒரு வீடியோ விட்டது. அதில் குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்கர்கள் உருகி உருகிப் பாடி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைத் திரட்டுவார்கள். சிரிப்பு வரும். அதே பார்வையில் உங்கள் பழைய பதிவுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். நன்கொடையாளருக்குப் படம் தேவைதான், மறுக்கவில்லை. அவரைத் தனியாக, உங்கள் அலுவலக வாசலில் நிற்க வைத்து எடுங்கள். அதற்கு ஒரு பிள்ளை எதற்கு?

முகத்தை மறைத்து முகவரியைக் கொடுப்பது

கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டாயிற்று. கீழே சீருடையில் பள்ளியின் சின்னம் பளிச்சென்று தெரிகிறது. பின்னால் கதவு எண். அக்கம்பக்கத்தாருக்கு முகமே வேண்டியதில்லை. நிற்கிற விதத்தை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத முகவரியும் உண்டு. போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். வன்முறைக்குத் தப்பி வந்து ஒளிந்திருக்கும் பெண்ணின் படமாக அது இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. களத்துக்குப் போகும் போனில் கேமராவின் இருப்பிட அனுமதியை அணைத்துவிடுங்கள். ஒரு தரம் செய்தால் போதும்.

"குரலற்றவர்களின் குரல்"

இந்த வரியை நீக்கிவிடுங்கள். அவர்களுக்குக் குரல் இருக்கிறது, நீங்கள் கேட்கப் போன நேரம் அவர்கள் வேலைக்குப் போகும் நேரம்.

மூன்றாம் மாதத்தில் "வாழ்க்கை மாறியது"

மெஷின் கொடுத்த மூன்றாம் மாதம் வெற்றிக் கதை எழுதுவார்கள். ஆறாம் மாதம் பெல்ட் அறுந்து மெஷின் பரணில் இருக்கும். மாற்ற ஆளும் காசும் இல்லை. கதை மட்டும் இன்னும் முகநூல் பக்கத்தில் மேலே ஒட்டியிருக்கும். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்து எழுதுங்கள். மெஷின் பரணில் இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படி எழுதிய ஒரு கடிதத்துக்கு எங்களுக்கு வந்த பதில், பழுது பார்க்கப் பயிற்சி கொடுக்க முன்வந்த ஒரு மெக்கானிக்கிடமிருந்து.

வேறிடத்து வெள்ளம், வேறு வருடத்துப் படம்

கூடாது. ஒருமுறை பிடிபட்டால் உண்மைப் படத்தையும் நம்ப மாட்டார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டாமல் வெளியிடுவது

படிக்கத் தெரிந்தவர் என்றால் தாளைக் கொடுங்கள், தெரியாதவர் என்றால் உரக்கப் படியுங்கள். நேரமில்லை என்று சொல்லாதீர்கள், பத்து நிமிட வேலை.

சமீபத்தில் ஆலை மூடி வேலையிழந்த ஒருவரின் கதையை அப்படிப் படித்துக் காட்டினேன். 'வேலை இல்லாதவர்' என்று எழுதியிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "வேலை இல்லாதவன்னு போடாதீங்க சார். வேலை போனவன்னு போடுங்க. இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கேன்." திருத்தினேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன், நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு மாத்தணும்? என் பேரையே போடுங்க. இனிஷியலோட."