தொற்று வார்டில் நடமாடும் எக்ஸ்ரே எடுக்கும் முறை

2020-இல் கோவிட் பரவியபோது, நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு அழைத்து வருவதைவிடக் கருவியை வார்டுக்கு உருட்டிச் செல்வதே பல மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. இதற்கு இரண்டு பணியாளர்கள் இருப்பது நல்லது. கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியை முதலில் அணிந்து, அதன்மேல் தொற்றுப் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொள்ள வேண்டும். மாற்றி அணிந்தால் ஈய அங்கியும் மாசுபடும். எக்ஸ்ரே படத்தைப் பதிவு செய்யும் தட்டான டிடெக்டரை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் இட்டபின், ஒருவர் நோயாளியை மட்டும் தொட்டு அதை முதுகுக்குப் பின்னால் வைக்க, மற்றவர் கருவியை மட்டுமே இயக்க வேண்டும். படம் எடுத்ததும் முதலாமவர் வெளி உறையின் வாயைத் திறந்து பிடிக்க, இரண்டாமவர் உள் உறையோடு டிடெக்டரை உருவி எடுப்பார். அவசரத்தில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் கிருமிநாசினி உலோகத்தை அரிக்கும் என்பதால், கருவியின் உலோகப் பகுதிகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கவும். வியர்வை வழிந்து கண்ணாடி மங்கினாலும், நோயாளியின் பெயரையும் இடது வலது குறியையும் சரிபார்க்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது.