நாலு விரலில் பிராஞ்ச் மாஸ்க்

காட்பாடியில் என் வீட்டு மாடிக்கு அசெம்ப்ளர் (கணினிக்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி) கற்க வரும் பிள்ளைகளிடம் முதலில் இடது கையை நீட்டச் சொல்வேன். கட்டைவிரலை மடக்குங்கள். ஆள்காட்டி விரல் 8, நடுவிரல் 4, மோதிர விரல் 2, சுண்டுவிரல் 1.

1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினியில் கண்டிஷன் கோடு, அதாவது கடைசி ஒப்பீடோ கணக்கோ தந்த முடிவின் குறிப்பு, இரண்டே பிட்தான். மதிப்பு 0 முதல் 3 வரை. இரண்டு எண்களை ஒப்பிடும்போது சமமென்றால் 0, முதலாவது சிறியதென்றால் 1, பெரியதென்றால் 2. முழு எண்களைக் கூட்டினால் விடை பூஜ்ஜியத்துக்கு 0, மைனஸுக்கு 1, பிளஸுக்கு 2, இடம் கொள்ளாமல் வழிந்தால் 3. விரல்களும் இதே வரிசைதான்: 0க்கு ஆள்காட்டி, 3க்குச் சுண்டுவிரல்.

புரோகிராம் வரிசையை விட்டு வேறு கட்டளைக்குத் தாவுவதுதான் பிராஞ்ச்; எந்த நிலையில் தாவ வேண்டும் என்று அதற்குச் சொல்லும் எண்தான் மாஸ்க். எந்த நிலையில் தாவ வேண்டுமோ அந்த விரல்களை மட்டும் நீட்டிக் கூட்டுங்கள். சமமானால் தாவ 8. சமமில்லாவிட்டால் தாவ மற்ற மூன்றும் சேர்ந்து 7. நாலும் நீட்டினால் 15, எப்போதும் தாவும். எல்லாம் மடக்கினால் 0, தாவவே தாவாது. டம்பில் (நினைவகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக் காட்டும் பட்டியல்) 4780 என்று கண்டால் 47 பிராஞ்ச், 8 உங்கள் ஆள்காட்டி விரல். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

சரி, ஒன்றில் மட்டும் கவனம். ரெஜிஸ்டரில் (கணக்குப் போட மதிப்பை வைக்கும் சிறு இடம்) மதிப்பை ஏற்றும் சாதாரண லோட் கட்டளையால் கண்டிஷன் கோடு மாறாது. இது தெரியாமல் முதல் வேலையில் ஒரு சம்பளப் பட்டியல் புரோகிராமில் விடிய விடியப் பிழை தேடினேன். அங்கே நின்றது பழைய ஒப்பீட்டின் கோடு! ஏற்றியது பூஜ்ஜியமா என்று பார்க்க எல்டிஆர் (ஏற்றிச் சோதிக்கும் கட்டளை) போடுங்கள். பிராஞ்சாலும் கோடு மாறாது. அதனால் ஒரே ஒப்பீட்டுக்குப் பின் அடுத்தடுத்து பிராஞ்ச் போட்டு, காட்பாடி ஜங்ஷனில் தண்டவாளம் பிரிவதுபோல மூன்று வழியாகப் பிரியலாம்.