மலையேற்ற முகாமில் நம்மூர் ரசம்: எங்கே சொதப்புகிறது?

உத்தரகண்டின் ஹர் கி தூன் மாதிரி மலையேற்றங்களில் மூன்று நாள் ரொட்டியும் ஆலு சப்ஜியும் சாப்பிட்டதுமே, "நம்ம ரசம் வைக்கச் சொல்லித் தரலாமா?" என்று குழுவில் யாராவது கிளம்பிவிடுவார்கள். முகாமில் சமைக்கும் கர்வாலிகள், அதாவது அந்த மலைப்பகுதியான கர்வாலின் ஆட்கள், பெரும்பாலும் ஆர்வமாகத்தான் சேர்ந்துகொள்வார்கள். தப்பு நடப்பது நம் பக்கம்.

பெரிய தப்பு, ஊர் அடுப்பை மனதில் வைத்துக்கொண்டு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுப்பது. ஹர் கி தூன் சுமார் 3,500 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொதிநிலை இறங்குவதால் அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் கேஸ்தான் தீரும், சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் போட்ட துவரம்பருப்பு எத்தனை நேரமானாலும் முழுசாகக் குழையாது. குக்கரிலும் ஊரில் நான்கு விசில் என்றால் அங்கே ஆறேழு தேவைப்படும். அரைவேக்காட்டுப் பருப்பில் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் அது பிறகு வேகவே வேகாது. புளிப்பு பருப்பை இளகவிடாது. பருப்பு மசிந்த பிறகே புளி. புழுங்கலரிசியும் வேண்டாம். இட்லி மாவை மறந்துவிடுங்கள், அந்தக் குளிரில் பொங்காது.

தாளிப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. எண்ணெய் காயும் சூட்டை உயரம் குறைப்பதில்லை. அதனால் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு பொடிமாஸும் அங்கே நன்றாக வரும். ஆனால் கடுகு வெடிக்கும்போது வாணலியை நைலான் துணியிலிருந்து தள்ளி, கூடார வாசல் பக்கம் வையுங்கள். குளிருகிறதே என்று வாசலை மூடுவது அதைவிட ஆபத்து: அடுப்புப் புகையில் கார்பன் மோனாக்சைடு சேரும்.

பருப்புக்காக மல்லுக்கட்டுவதைவிட, சமையல்காரர்களிடம் இருப்பதைக் கேளுங்கள். கர்வாலில் கஹத் என்பது நம் கொள்ளுதான். அதை முந்தின இரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவைக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேகவைத்த தண்ணீரை எடுத்தால் கொள்ளு ரசம். தாளிக்க அவர்கள் போடும் ஜக்கியா, நம் வயலோரம் முளைக்கும் நாய்க்கடுகின் விதை. அதையே போடச் சொல்லுங்கள், ரசத்துக்கு ஒன்றும் குறையாது.

"புளி எலுமிச்சை அளவு, உப்பு திட்டமாக" என்பது அங்கே பயன்படாது. 15 பேருக்கு இரண்டரை லிட்டர் ரசம் என்றால் புளி 50 கிராம், ரசப்பொடி ஐந்து தேக்கரண்டி. உப்பை நான்கு தேக்கரண்டியோடு நிறுத்திச் சுவை பாருங்கள். இதை அவர்களுடைய கரண்டியிலேயே அளந்து காட்டுங்கள். கரண்டியை நீங்கள் பிடித்துக்கொண்டு சமையல்காரரைப் பார்க்கவிடுவதில் பயனில்லை. அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நேரமும் முக்கியம். மாலை டீ கொடுத்த கையோடு சூப்புக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் வேலை தொடங்கிவிடும். அப்போது போய் நின்றால் இடைஞ்சல். முகாம் மாறாத ஓய்வு நாளில், மதியச் சாப்பாடு முடிந்ததும் தலைமைச் சமையல்காரரை "பைஜி" (அண்ணா) என்று அழைத்துக் கேளுங்கள். எடுபிடிப் பையனிடம் கேட்டுவிட்டு உள்ளே நுழையாதீர்கள். இரண்டு அடுப்பு இருந்தால் ஒன்று வெந்நீருக்கு. அதில் கை வைக்கக் கூடாது. ஓடையிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் அரிசியை மூன்று முறை களைவதும், கஞ்சி வடிப்பதும் அங்கே ஆடம்பரம்.

கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். குழுவில் கோதுமை ஒவ்வாதவர் உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

மிச்ச ரசப்பொடியைக் கொடுத்துவிட்டு வந்தால், டப்பாவின் மேல் இந்தியில் பெயரையும் லிட்டருக்கு எத்தனை தேக்கரண்டி என்பதையும் எழுதுங்கள். பெயரில்லாத சிவப்புப் பொடி, மிளகாய்த்தூள் என்று அடுத்த குழுவின் சப்ஜியில் விழும்.