எலக்ட்ரிக் கிட்டாருக்குச் சின்ன மாடலிங் ஆம்ப்: முதல்முறை தேர்ந்தெடுப்பது எப்படி?

மாடலிங் ஆம்ப் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான்: இத்தனை ஆம்ப் வகைகள், இத்தனை எஃபெக்ட்கள் (எதிரொலி போன்ற சத்த மாற்றங்கள்), இத்தனை பிரீசெட்கள் (முன்பே அமைத்துச் சேமித்த சத்தங்கள்). வாங்கும்போது நான் கடைசியாகப் பார்க்கச் சொல்வதும் அதைத்தான். தினமும் வாசிக்கும்போது கைக்கு வருவது மூன்று நான்கு சத்தங்கள். அந்த மூன்று நான்கும் வீட்டில் வைக்கும் குறைந்த வால்யூமில் நன்றாக ஒலிக்கிறதா என்பதுதான் கேள்வி.

டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இயங்கும் ஆம்ப்), அதன் ஸ்பீக்கர் பெட்டி, வெளியே மாட்டும் பெடல்கள் (சத்தத்தை மாற்றும் கால்மிதிக் கருவிகள்) ஆகியவற்றின் சத்தத்தை டிஜிட்டல் சிப் மூலம் உருவாக்குவது மாடலிங். 1996-ல் லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212 வந்தபோது அது பெரிய, கனமான ஆம்ப். இன்று ஒரு கையில் தூக்கும் பெட்டிக்குள் அந்த வேலை நடக்கிறது. ஆனால் சின்னதாக இருப்பதெல்லாம் மாடலிங் அல்ல. பாஸ் நிறுவனத்தின் கட்டானா மினியும் பிளாக்ஸ்டார் ஃப்ளை 3-யும் அனலாக் ஆம்ப்கள், அதாவது சத்தத்தைச் சிப்பில் அல்லாமல் மின்சுற்றிலேயே உருவாக்குபவை. நல்ல பொருள்கள்தான், ஆனால் பல ஆம்ப் சத்தங்களை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

1. எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

அறையில் தனியாக என்றால் 5 முதல் 20 வாட் தாராளம். வாட் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும், அது காதுக்குச் சிறிய வித்தியாசம். ஆகவே வாட்டைவிட ஸ்பீக்கர் அளவைப் பாருங்கள். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 2, 3 அங்குல ஸ்பீக்கர்களுக்கு அவ்வளவு கீழே இறங்குவது கஷ்டம், பெட்டி வடிவமைப்பை வைத்து ஓரளவு சமாளிப்பார்கள். யமஹா டிஹெச்ஆர்10-II இரண்டு 8 செ.மீ. ஸ்பீக்கர்களோடு வருகிறது, பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிக்க இது சுகமானது. ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25-ல் 8 அங்குல ஸ்பீக்கர். வழக்கமான ஆம்ப் முன்னால் நிற்கும் உணர்வு கிடைக்கும். டிரம்ஸ் வாசிப்பவரோடு சேரும் எண்ணம் இருந்தால் சின்ன ஆம்ப் பற்றாது. பாஸ் கட்டானா 50 மாதிரி 12 அங்குல ஸ்பீக்கர் உள்ளதற்குப் போய்விடுங்கள். அதன் சக்தியை அரை வாட் வரை குறைக்கும் சுவிட்ச் இருப்பதால் வீட்டுக்கும் ஒத்துவரும்.

2. முதலில் கிளீன் சத்தத்தைக் கேளுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். முடிந்தால் உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். டிஸ்டார்ஷன் (உடைந்து கரகரக்கும் சத்தம்) எவ்வளவோ குறைகளை மறைத்துவிடும், கிளீன் (உடையாத தெளிவான சத்தம்) எதையும் மறைக்காது. கிளீன் மாடலை எடுத்து, எல்லா எஃபெக்ட்களையும் அணைத்து, மூன்று டோன் குமிழ்களையும் (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளுக்கான பேஸ், மிட், டிரெபிள்) நடுவில் வையுங்கள். வால்யூம் பேச்சுக் குரல் அளவுக்கு இருக்கட்டும். ஒரு கார்டை (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) மெல்ல மீட்டுங்கள், பிறகு அழுத்தி மீட்டுங்கள். சத்தம் கூடுவதோடு அதன் குணமும் மாறுகிறதா? ஒவ்வொரு கம்பியும் தனியாகக் காதில் விழுகிறதா?

அடுத்து லேசாக உடையும் கிரஞ்ச் சத்தம். கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழைப் பாதியாகக் குறையுங்கள். நல்ல மாடலிங்கில் சத்தம் படிப்படியாகத் தெளியும். சுமாரான மாடலிங்கில் அதே கரகரப்பு சன்னமாகக் கேட்கும், அவ்வளவுதான். இந்தச் சோதனையில் தேறாத ஆம்ப்பை, மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். விரலுக்குப் பதில் சொல்லாத ஆம்ப்பில் பழகினால் மெல்லவும் அழுத்தியும் வாசிக்கும் பழக்கமே வராது.

மாடல்களின் பெயர்கள் குழப்பினால்: 'அமெரிக்கன் கிளீன்' பெரும்பாலும் ஃபெண்டர் ஆம்ப்களைக் குறிக்கும், 'பிரிட்டிஷ்' மார்ஷலை, 'டாப் பூஸ்ட்' வாக்ஸ் ஏசி30-ஐ.

3. குமிழ்களா, செயலியா?

கெய்ன் (சத்தம் எவ்வளவு உடைய வேண்டும் என்பதற்கான குமிழ்), டோன், வால்யூம், ரிவெர்ப் (அறையில் ஒலிப்பது போன்ற எதிரொலி) நான்கும் ஆம்ப்பின் மேலேயே இருக்கட்டும். சில ஆம்ப்களில் ஆழமான மாற்றங்களைச் செல்பேசிச் செயலியில்தான் செய்ய முடியும். அது தப்பில்லை, ஆனால் செயலியே இல்லாமல் ஆம்ப் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம்ப் பல வருடம் உழைக்கும். செயலிக்கு அத்தனை காலம் அப்டேட் வரும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பயிற்சிக்கு உட்கார்ந்தவர் பிரீசெட்களைத் தேடியே நேரத்தைக் கழித்துவிடுவது ரொம்பச் சுலபம்.

4. ஹெட்ஃபோனும் புளூடூத்தும்

ஹெட்ஃபோன் துளை கட்டாயம் வேண்டும். சில ஆம்ப்களில் 3.5 மி.மீ., சிலவற்றில் 6.35 மி.மீ. துளை இருக்கும், அதற்கேற்ற அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்ப்பில் உள்ள புளூடூத் பொதுவாகப் பாட்டை உள்ளே அனுப்பத்தான். புளூடூத் ஹெட்ஃபோனில் உங்கள் வாசிப்பைக் கேட்க முயன்றால், கம்பியை மீட்டிய பிறகு சத்தம் தாமதமாக வந்து தாளம் குலைந்துவிடும். கம்பியுள்ள ஹெட்ஃபோனையே பயன்படுத்துங்கள்.

யூஎஸ்பி வழியாகக் கணினியில் நேரடியாகப் பதிவு செய்யும் வசதி இருந்தால் நல்லது. உங்கள் வாசிப்பை நீங்களே கேட்க இதைவிட எளிய வழி இல்லை. பேட்டரி, வெளியே எடுத்துப்போகிறவர்களுக்கு மட்டும்.

5. வீட்டுக்கு வந்ததும்

கிளீன் மாடல், கெய்ன் குறைவு, டோன் குமிழ்கள் நடுவில், ரிவெர்ப் கொஞ்சம். அப்புறம் கிரஞ்சுக்கு ஒன்று, ஹை கெய்னுக்கு ஒன்று சேமியுங்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் கேட்கும், அதனால் அதைக் கூட்டத் தோன்றும். சரி, கூட்டுங்கள். ஆனால் வால்யூமை ஏற்றும் நாளில் அதே பேஸ் குமுறும், அப்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள். ஹை கெய்னில் மிட் குமிழை முழுக்கக் குறைக்காதீர்கள்: தனியாக வாசிக்கையில் மிரட்டலாக இருக்கும் அந்தச் சத்தம், மற்ற வாத்தியங்களோடு சேரும்போது காணாமல் போய்விடும்.